தோற்பொருளும் தள்ளுபடி விலையும்

பீர்மேட்டு மலைச்சரிவுகளில் உள்ள தேயிலைத் தோட்டங்களில் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். முன்பெல்லாம் அவர்கள் துணியோ, பாத்திரமோ, காலணியோ வாங்கவேண்டுமாயின் வண்டிப்பெரியாற்றுக் கடைத்தெருவுக்குச் செல்வார்கள். சற்றுப் பெரிய கொள்முதலாயின் குமுளி வழியாக மலையிறங்கிக் கம்பத்திற்கோ தேனிக்கோ போவார்கள். கடையில் பொருளைக் கையில் எடுத்துத் தடவிப் பார்ப்பார்கள், மடக்கிப் பார்ப்பார்கள், முகர்ந்தும் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் விலை பேசுவது. வாங்கிய செருப்பின் வார் சில நாட்களில் அறுந்துவிட்டால், அடுத்த முறை மலையிறங்கும்போது அதே கடைக்காரரின் முன் அதனைப் போட்டு நியாயம் கேட்பதும் உண்டு.

இன்று அங்காடி கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. மழை கொட்டும் மாலையில் லயத்து வாசலில் அமர்ந்தபடியே பணப்பையும் இடைவாரும் தோள்பையும் தருவித்துக்கொள்ள முடிகிறது. இது பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்த வசதியில் ஒரு குறை உண்டு. தோற்பொருளின் தரத்தைக் கையும் மூக்கும் அறியும் அளவுக்குக் கண் அறியாது. இணையவழி அங்காடியிலோ கண்ணுக்கு மட்டுமே இடம் இருக்கிறது. அந்தக் கண்ணின் முன்னும் ஒரு படமும் சில சொற்களுமே வைக்கப்படுகின்றன.

சென்ற ஆண்டு என் உறவினர் வீட்டில் நடந்ததை இங்கே கூறுவது பொருந்தும். ஏலப்பாறைக்கு அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் சித்தப்பா மகள், கொச்சியில் முதல் வேலைக்குச் செல்லும் தன் மகனுக்கு ஒரு பை வாங்க விரும்பினாள். கைப்பேசியில் கறுப்பு நிறப் பை ஒன்று தென்பட்டது. 2,999 ரூபாய் என்ற விலை அடிக்கப்பட்டு, 799 ரூபாய் என்று போடப்பட்டிருந்தது. நூற்றுக்கு 73 பங்கு தள்ளுபடி! அவளுக்கு அது சிறு தொகையன்று. ஆயினும் மகன் நாலு பேர் நடுவே தலைநிமிர்ந்து செல்லவேண்டும் என்று வாங்கினாள். சித்திரையில் வந்த பை பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆனி, ஆடி மாதச் சாரல் முடிவதற்குள் அதன் மேற்பரப்பு செதில் செதிலாக உரியத் தொடங்கியது. அலுவலகத்தில் அவனுடைய வெள்ளைச் சட்டையில் கறுப்புத் துகள்கள் ஒட்டின. திருப்பி அனுப்பும் கெடுவோ என்றோ கடந்துவிட்டது. “அண்ணே, லெதர் என்றுதானே போட்டிருந்தது?” என்று அவள் என்னைக் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விற்றவர் போட்டிருந்தது ‘பி.யு. லெதர்’ என்பதாகும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இது ஒரு சொற்சிக்கலாகத் தோன்றிற்று. மண் குதிரையில் ‘குதிரை’ என்னும் சொல் இருக்கிறது. ஆனால் அதனை நம்பி ஆற்றில் இறங்குவார் இல்லை. அவ்வாறே ‘பி.யு. லெதர்’ என்பதில் ‘லெதர்’ என்ற சொல் உண்டு, தோல் இல்லை. பி.யு. என்பது பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளின் சுருக்கம். துணியின்மேல் அப்பொருளைப் பூசி, தோல்போல் வரிகளை அழுத்திச் செய்ததே அந்தப் பை.

தோல் எது, தோல் அல்லாதது எது என்று அறிய வேண்டுமானால் தோலின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலை வெட்டிப் பார்த்தால் அதில் இரு பகுதிகள் புலப்படும். மேற்பகுதி மயிர்க்கால்கள் உள்ள மெல்லிய, நெருக்கமான படலம். அதன் கீழே உள்ளது கொலாஜன் என்னும் புரத நார்கள் எல்லாத் திசைகளிலும் பின்னிப் பிணைந்த தடித்த பகுதி. தறியில் நெய்த துணியில் நூல்கள் நெடுக்கும் குறுக்குமாக மட்டுமே செல்லும். தோலின் நார்களோ மேலும் கீழும் பக்கவாட்டிலுமாகக் கோத்துக் கிடக்கின்றன. தோலின் உறுதிக்கு இதுவே காரணம்.

பச்சைத் தோல் நீரில் அழுகும், வெயிலில் விறைக்கும். அதனை அழுகாமல் நிலைபெறச் செய்வதே பதனிடுதல் எனப்படும். தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையின் துவர்ப்புச் சத்தில் தோலை ஊறவைத்துப் பின்னர்க் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்துப் பதனிடும் முறை நெடுங்காலம் சிறந்து விளங்கிற்று. அவ்வாறு பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயருடன் கடல் கடந்து சென்றது. இம்முறைக்குப் பல வாரங்கள் ஆகும். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் 1884ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற குரோம் முறை, அந்த வேலையை ஏறத்தாழ ஒரு நாளுக்குச் சுருக்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் அதனைப் பரப்ப முயன்றார். இன்று ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்கள் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948ஆம் ஆண்டு முதல் பணியாற்றி வருகிறது. பம்பாய்த் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களுள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். ஆகவே தோலைப் பற்றிய அறிவு தமிழருக்குப் புதிதன்று.

இவ்வளவு வேலைகளைக் கடந்து வரும் பொருளுக்கு, கீழே இறங்க முடியாத ஒரு விலை இருக்கும் அன்றோ? பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுவது. ஒரு மணிபர்ஸுக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சதுர அடித் தோல் வேண்டும். அலுவலகப் பைக்கு அதனைப்போல் பல மடங்கு வேண்டும். தோலில் உள்ள தழும்பு, கொசுக்கடி, கத்திக் கீறல் ஆகியவற்றைத் தவிர்த்து வெட்டுவதால் ஒரு பகுதி கழிவாகும். பதனிடும் கழிவுநீரைத் தூய்மை செய்யும் செலவும் உண்டு. பாலாற்றுப் பகுதியை மாசுபடுத்திய தோல் ஆலைகள் குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துவோரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. இவற்றுடன் தையல் கூலி, உலோக உறுப்புகள், தபால் செலவு, அங்காடி நிறுவனத்தின் பங்கு யாவும் சேரவேண்டும். இத்தனையும் அடங்கிய பெரிய பையொன்று சில நூறு ரூபாய்க்கு வருமாயின், அது நல்ல தோலாக இருத்தல் அரிது என்று முதலிலேயே ஊகிக்கலாம்.

அவ்வாறாயின் 73 பங்கு தள்ளுபடி என்பது எதிலிருந்து குறைக்கப்பட்டது? பொட்டலத்தின்மேல் அச்சிடும் அதிகபட்ச சில்லறை விலையைத் தோற்பொருள்களுக்கு அரசு நிர்ணயிப்பதில்லை. செய்பவரோ, பொட்டலம் கட்டுபவரோ, இறக்குமதி செய்பவரோதான் குறிக்கிறார். அதற்கு மேல் விற்கலாகாது என்பதே சட்டம். 800 ரூபாய்க்கு விற்கக் கருதும் பொருளின்மேல் 3,000 ரூபாய் என்று அச்சிட்டால் தள்ளுபடி பெரிதாகத் தோன்றும். எனவே அடிக்கப்பட்ட விலையை மறந்துவிட்டு, கொடுக்கப்போகும் விலைக்கு இப்பொருள் தகுமா என்று மட்டும் எண்ணுதல் வேண்டும். ‘இன்னும் பத்து நிமிடமே’, ‘மீதம் இரண்டே’ என்று அவசரப்படுத்தும் அறிவிப்புகளையும் கண்டு மயங்கலாகாது. பொய்யான அவசரத்தைக் காட்டுதல், 2023ஆம் ஆண்டில் மைய அரசு வெளியிட்ட நெறிமுறைகளின்படி தடை செய்யப்பட்ட வணிக உத்திகளுள் ஒன்று.

இனி விளம்பரத்தில் காணும் சொற்களைப் பார்ப்போம். ‘ஃபுல் கிரெயின்’ என்பது மேற்படலத்தைத் தேய்க்காமல் அப்படியே விட்ட தோல். இயற்கைத் தழும்புகள் தெரியலாம், ஆயுள் மிகுதி. ‘டாப் கிரெயின்’ என்பது மேற்படலத்தைச் சற்றே தேய்த்துச் சீராக்கிப் பூச்சிட்ட தோல்; இதுவும் நல்ல வகையே. ‘ஸ்பிளிட்’ என்பது மேற்பகுதியைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கீழ்ப்பகுதி. அதன்மேல் தடித்த பூச்சிட்டு வரிகளை அழுத்தி மேல்தோல் போலவே காட்டுவதுண்டு. ‘ஜெனியூன் லெதர்’ என்பதைப் பலரும் உயர்ந்த தரம் என்று கருதுகின்றனர். அச்சொல் குறிப்பதெல்லாம் இதில் உண்மையான தோல் இருக்கிறது என்பதையே. எந்தப் பகுதித் தோல், எவ்வளவு தடிப்பு என்பதை அது சொல்வதில்லை. ‘பாண்டட் லெதர்’ என்பது வெட்டித் தள்ளிய துண்டுகளை அரைத்துப் பசையுடன் கலந்து தகடாக்கியது. அரிசிக்கும் அரிசி நொய்யில் பிடித்த மாவுக்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு. ‘ஃபாக்ஸ்’, ‘லெதரெட்’, ‘லெதர் ஃபினிஷ்’, ‘வீகன் லெதர்’ என்பன யாவும் விலங்கின் தோல் இல்லாதவை. நமக்குப் பழக்கமான ரெக்சின் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

செயற்கைத் தோலை இழிவாகக் கருத வேண்டியதில்லை. விலை குறைவு, விலங்கின் தோலை விரும்பாதவர்க்கும் ஏற்றது. ஆனால் பீர்மேட்டைப் போன்ற ஈர மலைநாட்டில் அதற்கு ஒரு பகை உண்டு. பாலியூரித்தேன் வகைகள் சிலவற்றின் மூலக்கூற்றுப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அறுத்துவிடும். பொருளைப் பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் இம்மாற்றம் நிகழும். முதலில் பிசுபிசுக்கும்; பின்பு வெடிக்கும்; முடிவில் செதிலாக உரியும். அதனைத் தைக்கவோ மெருகிடவோ இயலாது. என் உறவினர் வீட்டுப் பைக்கு நேர்ந்தது இதுவே. மாதக்கணக்கில் மூடுபனியும் மழையும் உள்ள ஊரில் இத்தகைய பை வாங்குவோர், அதன் வாழ்நாள் குறுகியது என்பதை அறிந்தே வாங்குதல் நன்று.

வாங்குமுன் செய்ய வேண்டியன சில உள. தலைப்பில் உள்ள கொட்டை எழுத்துகளை விடுத்து, கீழே சிறிய எழுத்தில் உள்ள விவரப் பட்டியலைத் திறந்து, எதனால் ஆனது என்ற வரியைப் படிக்க வேண்டும். தலைப்பில் ‘லெதர்’ என்றும் பட்டியலில் ‘சிந்தெடிக்’ என்றும் இருப்பது உண்டு. செய்தவரின் பெயரும் முகவரியும், எந்நாட்டில் செய்யப்பட்டது என்பதும் காணப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இணைய அங்காடிகள் இவற்றைக் காட்டவேண்டும் என்பது விதி. வாங்கியோர் எழுதிய கருத்துகளுள், வாங்கி ஆறு மாதம் கழித்து எழுதியவற்றையும், அவர்களே எடுத்த படங்களையும் தேடிப் பார்க்கலாம். ‘அருமை’, ‘சூப்பர்’ என்ற ஒரு சொல் கருத்துகள் ஆயிரம் இருந்தாலும் பயன் சிறிதே. திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள், பணம் திரும்புமா, மாற்றுப் பொருள் மட்டும்தானா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். இறுதியாக, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமாகப் பிடித்து வைத்துக்கொள்ளுதல் மிக இன்றியமையாதது. விளம்பர வாசகம் நாளை மாறக்கூடும், படம் மாறாது.

பொருள் வீடு வந்து சேர்ந்ததும், நாம் இழந்திருந்த கைப்பரிசோதனை மீண்டும் நம்மிடம் வருகிறது. ஆனால் அது சில நாட்களுக்கே. பண்டிகைக்கு என்று பிரிக்காமல் பெட்டியில் வைத்தல் கூடாது. அன்றே பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்கும்போதே ஒருவர் படம் பிடித்தால் பின்னர்ச் சான்றாக உதவும்.

முதலில் வெட்டு விளிம்பைப் பாருங்கள். பையின் உட்புறத்திலோ, வாரின் முனையிலோ, இடைவாரின் துளைக்குள்ளோ விளிம்பு தெரியும். உண்மைத் தோலாயின் விளிம்பு முழுவதும் நார் நாராக இருக்கும். பட்டைச் சத்தில் பதனிட்டது உள்ளே பழுப்பாகவும், குரோமில் பதனிட்டது பெரும்பாலும் நீலச்சாம்பல் சாயலாகவும் தோன்றும். செயற்கைத் தோலாயின் மேலே மெல்லிய பூச்சும் கீழே துணியும் தனித்தனியே தெரியும். இடைவாரின் இரு தோல் தகடுகளுக்கு நடுவே அட்டை வைத்துத் தைத்திருப்பதையும் துளைகள் காட்டிக் கொடுத்துவிடும். அத்தகைய வார் கொக்கிக்கு அருகே மடியும் இடத்தில் விரைவில் பிளக்கும்.

அடுத்தது பின்புறம். தோலின் பின்புறம் மெல்லிய துய்யுடன் இருக்கும். நெய்த துணியின் இழைகள் தெரிந்தால் ஐயம் கொள்ள வேண்டும். பின்னர் மேற்பரப்பை நோக்குங்கள். இயற்கை மயிர்க்கால்கள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருக்கும். ஒரே வரிக்கோலம் அச்சடித்ததுபோல் திரும்பத் திரும்ப வந்தால் அது அழுத்திய வரி. விரலால் அழுத்தினால் தோலில் நுண்ணிய சுருக்கங்கள் விரிந்து, விரலை எடுத்ததும் மறையும். மடக்கிப் பார்க்கையில் பூச்சு வெண்மையாக வெடித்தால் அது தடித்த பூச்சிட்ட தாழ்ந்த வகை.

தோல் நன்றாயிருந்து தையல் கெட்டாலும் பயனில்லை. தையல்கள் ஒரே இடைவெளியில் நேராக ஓட வேண்டும். கைப்பிடி பையுடன் சேரும் இடத்தில் இருமுறை தைத்திருக்க வேண்டும். அங்கே பசை மட்டும் இருக்குமாயின் பாரம் தாங்காது. மழை நாட்டில் பருத்தி நூல் இற்றுப்போகும். பாலியெஸ்டர், நைலான் நூல்கள் நிலைக்கும். கொக்கியும் வளையமும் துருவேறாதவையாக இருத்தல் வேண்டும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் உடனே பித்தளை என்று முடிவு கட்டலாகாது. துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. ஜிப்பைப் பலமுறை ஓட்டிப் பார்த்து, மூலைகளில் சிக்குகிறதா என்று காண வேண்டும்.

மக்களிடையே வழங்கும் சில சோதனைகள் நம்பத்தக்கவை அல்ல. நெருப்பில் காட்டினால் தோல் மயிர் கருகும் நாற்றமும், செயற்கைப் பொருள் நெகிழி உருகும் நாற்றமும் தரும் என்பது உண்மையே. ஆனால் நெருப்புப்பட்ட பொருளை யார் திரும்பப் பெறுவார்? துளி நீரை விட்டுப் பார்த்தலும் அத்தகையதே; பூச்சிட்ட நல்ல தோலும் நீரை உறிஞ்சாது. மணமோ செயற்கையாகவும் தெளிக்கப்படக் கூடியது. ஆகவே விளிம்பையும் பின்புறத்தையுமே முதன்மைச் சான்றாகக் கொள்க.

நல்ல தோலேயாயினும் மலைநாட்டில் அதற்குப் பராமரிப்பு தேவை. சாரற்காலத்தில் மூடிய பெட்டியில் வைத்த தோலின்மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் படரும். அதனைக் கண்டு பொருள் கெட்டுவிட்டதென எறிய வேண்டாம். வீட்டுக்கு வெளியே கொண்டுசென்று உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்தினால் போதும். அடுப்பின் அருகிலோ கடும் வெயிலிலோ உலர்த்தினால் தோல் விறைத்து வெடிக்கும். நெகிழிப் பைக்குள் இறுகக் கட்டி வைத்தல் கூடாது. துணிப் பையில் வைத்து, உள்ளே பழைய காகிதத்தைச் சுருட்டித் திணித்தால் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும்.

இவ்வளவு கவனித்தும் ஏமாற்றம் நேர்ந்தால் என் செய்வது? பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் கூறிய தன்மை இல்லாவிட்டாலோ, அதனைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பவர் மறுத்தல் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. மனம் மாறியதால் திருப்பி அனுப்புவது அங்காடியின் சலுகை. சொன்னது வேறு, வந்தது வேறு என்பதற்காகத் திருப்பி அனுப்புவது நமது உரிமை. முறையீட்டைப் பெற்றதை 48 மணி நேரத்திற்குள் குறைதீர்ப்பு அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். அதிலும் பயன் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விற்றவர் டில்லியில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வகை செய்திருக்கிறது. சொந்த ஊருக்கோ விற்றவர் ஊருக்கோ அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரை இருப்பின் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம்.

என் தங்கையின் மகனுடைய பைக்கு இவ்வுரிமைகள் உதவவில்லை. விற்றவர் சிறிய எழுத்தில் உண்மையையே எழுதியிருந்தார், நாம்தான் படிக்கவில்லை. இவ்வாண்டு அவன் ஒரு பை வாங்கும்போது தாயும் மகனும் அமர்ந்து அந்தச் சிறிய எழுத்துகளை வரிவரியாகப் படித்தார்கள். தோற்பை தங்கள் கைப்பொருளுக்கு எட்டாது என்று கண்டு, தடித்த நைலான் துணிப் பை ஒன்றைத் தேர்ந்தார்கள். தள்ளுபடி சிறிதுதான். ஆனி மாதச் சாரலில் நனைந்து உலர்ந்த அந்தப் பை, இன்றும் அவன் தோளில் கிடக்கிறது. தோலுக்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வருகிறான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது மலையிறங்கித் திண்டுக்கல் வரை சென்று, கையால் தொட்டுப் பார்த்தே ஓர் இடைவார் வாங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறான்.